பொறாமை எனக்குக் கற்றுக்கொடுத்த ஜெர்மன்

என் வாயாடி மகளே,

நிச்சயதார்த்தம் முடிந்த மறுநாள் வெள்ளனே எழுந்து, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பரீட்சை இருக்கிறது என்று சொல்லி, மதுரை பஸ்ஸில் ஏறி நீ போய்விட்டாய். இங்கே வாடகைப் பாத்திரங்களைத் தேய்த்துத் திருப்பிக் கொடுத்து, ஜமுக்காளத்தை உதறி வெயில் வந்த பக்கமெல்லாம் மாற்றி மாற்றிப் போட்டு, மிஞ்சின லட்டை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டு இப்போதுதான் உட்கார்ந்தேன். நேரிலேயே சொல்லியிருக்கலாம். நேரில் சொன்னால் நீ சிரிப்பாய். நீ சிரித்தால் எனக்குக் கோபம் வரும், கோபத்தில் சொல்ல வந்ததை விட்டுவிட்டு உன் தலைமுடியைப் பற்றியோ ரவிக்கைக் கையைப் பற்றியோ பேசி முடிப்பேன். காகிதம் சிரிக்காது. அதனால் எழுதுகிறேன்.

அன்றைக்குப் பந்தியில் உன் சித்தப்பா பழைய கதையைக் கிளறிவிட்டார். "எங்க மதினி ஜெர்மன் படிச்ச கதை தெரியுமா ஒங்களுக்கு? அண்ணனுக்குக் காவலுக்குப் போயி தொரசாணி பாசைய அள்ளிக்கிட்டு வந்துட்டாக!" என்றார். பந்தியே சிரித்தது. நீயும் சிரித்தாய். சிரித்துவிட்டு உன் அத்தையிடம் சொன்னாய்: "நான் எங்கம்மா மாதிரி பொறாமைக்காரி இல்லத்தே. எம் புருசன் எந்தத் தொரசாணிகூட வேணும்னாலும் பேசிக்கிடட்டும்." நான் உனக்குப் பின்னால் ரச வாளியோடு நின்றேன். காதில் விழாததுபோல் அடுத்த இலைக்கு நகர்ந்தேன். ஆனால் விழுந்தது மகளே, நன்றாகவே விழுந்தது. பொறாமைக்காரி என்ற பட்டத்தை நான் மறுக்கப் போவதில்லை. அதற்காக வெட்கப்படப் போவதும் இல்லை. அந்தப் பொறாமை எனக்கு என்ன கொடுத்தது என்று தெரியாமலேயே நீ சிரிக்கிறாயே என்றுதான் எனக்கு ஆற்றாமை.

அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. போட்டோ எடுக்க உங்கள் இருவரையும் சேர்த்து உட்கார வைத்தார்கள். மாப்பிள்ளை வேறு யாருமில்லை, அட்டுவம்பட்டி அத்தையின் மகன், நீ பிளம்ஸ் மரத்தில் இருந்து தள்ளிவிட்டுப் பல்லை உடைத்தாயே அதே பையன். நீ பாட்டுக்கு, சபை நிறைய பெரியவர்கள் இருக்கும்போது, "ஏலே, நீ கொஞ்சம் தள்ளி உக்காரு, எஞ் சேலைய மிதிக்கிற" என்றாய். பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவனைப் பெற்ற உன் அத்தைதான், பாவம், சமாளித்தாள். "இனிமே அவன நீ, வா, போன்னு பேசக் கூடாது தாயி. கட்டிக்கிடப் போறவன். நீங்கன்னு இப்பவே பழகிக்க" என்றாள். நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டேன். அம்மாவுக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டு நீ ஊருக்குப் போயிருக்கிறாய். அது கோபம் இல்லை. என்ன என்று கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் உன் சித்தப்பாவுக்குத் தெரியாத கதையை நீ கேட்டாக வேண்டும்.

நீ நான்காம் வகுப்புப் படித்த வருஷம் அது. ஆஸ்பத்திரிக்கு ஜெர்மனியில் இருந்து எக்ஸ்ரே மெஷின் வாங்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. உன் அப்பா அங்கே ஜெனரேட்டரும் மின்சாரமும் பார்த்துக்கொண்டிருந்தார். மெஷின் வந்தால் மட்டும் போதாது, அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த ஓர் ஆள் வேண்டும் என்று அவரை அந்த மெஷின் செய்கிற தொழிற்சாலைக்கே எட்டு மாதம் அனுப்புவதாக முடிவானது. ஆனால் அங்கே வேலை செய்கிறவர்களுக்கு இங்கிலீஷ் வராது, ஜெர்மன் படித்துக்கொண்டுதான் போக வேண்டும் என்றார்கள். கொடைக்கானலில் ஜெர்மன் சொல்லித்தர ஒரே ஆள்தான். ஆஸ்பத்திரியில் பல வருஷம் நர்ஸாக இருந்துவிட்டு வேலையை விட்ட ஹில்டா அம்மா. நம் செண்பகனூர் வீட்டுக்கு மேலே, தைல மரங்களைத் தாண்டி, பேரிக்காய்த் தோட்டத்துக்குள் தனியாக இருந்தாள். கல்யாணம் ஆகாதவள். உன் அப்பாவைவிடக் கொஞ்சம் மூத்தவள்தான், ஆனால் கிழவி இல்லை. நெடுநெடுவென்று இருப்பாள். கழுத்து நீளம். தோட்டத்தில் மண்ணைக் கிண்டிக் கிண்டிக் கை மட்டும் நம்மைப்போல் காய்த்துக் கிடக்கும். இவ்வளவு கவனித்திருக்கிறேன் பார். வயிறெரிகிறவளுக்குக் கண் கூர்மை.

சாயங்காலம் வேலை முடிந்து நேராக அங்கே போய்விடுவார். பொழுது சாய்ந்து வீட்டுக்கு வரும்போது வாய் மட்டும் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். சவரம் செய்யும்போது முணுமுணுப்பு, சட்டைக்குப் பொத்தான் போடும்போது முணுமுணுப்பு. நான் சாம்பாரில் உப்புப் போட மறந்த அன்றைக்குக்கூட ஒன்றும் சொல்லாமல் முணுமுணுத்துக்கொண்டே சாப்பிட்டு எழுந்தார். கல்யாணம் ஆன நாளில் இருந்து உப்பு குறைந்தால் தட்டை நகர்த்துகிற மனிதர் அவர். எனக்கு அன்றைக்கே சுருக்கென்றது.

ஒரு நாள் பனி இறங்கி எதிரே வருகிற ஆள் தெரியவில்லை. அவர் மப்ளரை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். சாக்குக் கிடைத்தது என்று அதை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். உன் அப்பத்தா வாசலிலேயே மறித்தாள். "வெளக்கு வைக்கிற நேரத்துல எங்கனத்தா கெளம்பிட்ட?" என்று கேட்டாள். மப்ளரைக் காட்டினேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். உன் அப்பத்தாவும் நானும் ஒத்துப்போன விஷயங்கள் ஆடிக்கு ஒன்று அமாவாசைக்கு ஒன்றுதான். அதில் இது ஒன்று. "போ, வெரசாப் போ. போனவ ஒடனே வந்துறாத. அங்கன என்ன சோலி நடக்குன்னு இருந்து பாத்துட்டு வா" என்றாள்.

ஹில்டா அம்மாவின் வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே கணப்பில் விறகு எரிந்தது. அவள் நின்றுகொண்டிருந்தாள், உன் அப்பா பள்ளிக்கூடப் பையனைப்போல முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். அவள் விரலால் தன் நெஞ்சைத் தொட்டு, "இஹ் ஷ்லாஃபெ. நான் தூங்குகிறேன்" என்றாள். பிறகு அந்த விரலை உன் அப்பாவை நோக்கி நீட்டி, "டு ஷ்லேஃப்ஸ்ட். நீ தூங்குகிறாய்" என்றாள். இஹ் எஸ்ஸெ, நான் சாப்பிடுகிறேன். டு இஸ்ட், நீ சாப்பிடுகிறாய். நெஞ்சைத் தொடுவதும் விரலை நீட்டுவதுமாக நடந்துகொண்டே இருந்தது. நான் மப்ளரோடு ஜன்னலுக்கு வெளியே நின்றேன். அவர் தூங்குவதும் சாப்பிடுவதும் எனக்குத் தெரியாதா? அவர் எப்படித் தூங்குவார் என்று எனக்கல்லவா தெரியும்? ஆனால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது அதனால் இல்லை. அவள் அவரை 'நீ' என்றாள். தாலி கட்டிக்கொண்டு, பிள்ளை பெற்று, அவர் எச்சில் தட்டில் சாப்பிட்ட நான் ஒரு நாளாவது அவரை 'நீ' என்று சொல்லியிருக்கிறேனா? அவர் பெயரை வாய் விட்டுச் சொல்லியிருக்கிறேனா? இந்தக் கடிதத்தில்கூட எழுதப் போவதில்லை. எங்கிருந்தோ கப்பல் ஏறி வந்தவள் கணப்புப் பக்கத்தில் நின்றுகொண்டு என் புருஷனை நீ, நீ, நீ என்கிறாள். அவரும் தலையை ஆட்டுகிறார்.

அவள்தான் முதலில் என்னைப் பார்த்தாள். உள்ளே வரச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் புழங்கிப் பழகின தமிழோடு வேதப் புத்தகத் தமிழும் கலந்து பேசுவாள். "குளிரில் ஏன் நிற்கிறீர்கள் அம்மா? நீங்களும் உட்காரலாம், காபி தருகிறேன்" என்றாள். என்னை நீங்கள் என்றாள், கவனி. தமிழில் உன் அப்பாவையும் நீங்கள் என்றுதான் சொல்வாள், மரியாதை தெரிந்தவள். ஜெர்மனில் மட்டும்தான் 'டு'. அதற்கும் காரணம் சொன்னாள். தொழிற்சாலையில் கூட வேலை செய்கிறவர்கள் எல்லாரும் ஒருவரை ஒருவர் அப்படித்தான் கூப்பிடுவார்களாம், இவர் இப்போதே பழகாவிட்டால் அங்கே போய் விழிப்பாராம். எனக்கு அந்தக் காரணம் தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. சர்க்கரை போடாத அவள் காபியும் இறங்கவில்லை. ஆனால் உட்கார்ந்தேன். அன்றில் இருந்து ஒவ்வொரு பாடத்துக்கும் உன்னை அப்பத்தாவிடம் விட்டுவிட்டு நானும் கூடவே போய் உட்கார்ந்தேன்.

காவலுக்குப் போனவள் காதைப் பொத்திக்கொண்டா இருக்க முடியும்? கொஞ்சம் கொஞ்சமாக எனக்கும் பிடிபட்டது. அந்த மொழியில் சில வினைச்சொற்கள் இருக்கின்றன. 'நான்' என்று சொல்லும்போதும் 'நாங்கள்' என்று சொல்லும்போதும் சாதுவாக ஒரே மாதிரி இருக்கும். 'நீ' என்றோ 'அவன்', 'அவள்' என்றோ சொல்லிவிட்டால் நடு எழுத்தின் ஓசை மாறிவிடும். ஷ்லாஃபெ என்பது ஷ்லேஃப்ஸ்ட் ஆகும், எஸ்ஸெ என்பது இஸ்ட் ஆகும். உன் அப்பாவுக்கு இதுதான் பெரிய தலைவலி. "ஏன் மாறுது? சும்மா இருந்தா என்ன?" என்று மெஷினில் பழுது கண்டதுபோல் கேட்பார். எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. நம் 'வா' என்பது 'வருகிறேன்' ஆகிறது, 'தா' என்பது 'தருகிறேன்' ஆகிறது. ஏன் என்று பிறந்ததில் இருந்து நாம் யாரையாவது கேட்டோமா?

ஒரு நாள் ஹில்டா அம்மா எங்கள் இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தாள். புருஷன் பெண்டாட்டி ஒருவரை ஒருவர் கேட்டுப் பழகினால் வெரசாக வரும் என்று அவளுக்கு ஒரு யோசனை. "நீங்கள் தூங்குகிறீர்களா என்று இவரைக் கேளுங்கள் அம்மா" என்றாள். நான் கேட்டேன். ஆனால் 'டு' என்று கேட்கவில்லை. அந்த மொழியில் நம் 'நீங்க'ளுக்கு 'ஸீ' என்று ஒரு வார்த்தை உண்டு. அதை வைத்துத்தான் கேட்டேன். அவள், இல்லை இல்லை, டு சொல்லுங்கள் என்றாள். நான் மறுபடியும் ஸீ என்றேன். சரி, இவர் என்ன செய்கிறார் என்று எனக்குச் சொல்லுங்கள் என்று உன் அப்பாவைக் காட்டினாள். 'எர்' என்றால் அவன். கட்டின புருஷனை, அவர் முகத்துக்கு நேரே, அவன் தூங்குகிறான் என்று சொல்லச் சொல்கிறாள்! நான் 'அவுக' என்பதற்குச் சமமாக அந்த மொழியில் இருக்கிற பன்மையைப் போட்டுச் சொன்னேன். ஸீ போட்டாலும் பன்மை போட்டாலும் அந்த வினைச்சொல் மாறவே மாறாது. அதனால் நான் ஒரு தப்பும் செய்யவில்லை, ஒன்றையும் கற்றுக்கொள்ளவும் இல்லை. உன் அப்பாவோ எனக்கு முன்னால் அவளை 'டு' என்று சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு அவரும் ஸீ போட ஆரம்பித்தார். நாங்கள் இரண்டு பேரும் மரியாதை மரியாதையாய்ப் பேசிப் பாடத்தையே நாசம் செய்துகொண்டிருந்தோம்.

ஹில்டா அம்மா நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, 'டு' என்பது அவமரியாதை இல்லை. எங்கள் தேசத்தில் தாயிடமும் பிள்ளையிடமும் கடவுளிடமும் புருஷனிடமும் அப்படித்தான் பேசுவோம். நீங்கள் இவரிடம் பேசுவது போல நான் தபால்காரரிடம் பேசுவேன்" என்றாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். உன் அப்பா சிரித்தார். எனக்கு முகம் எரிந்தது. என் புருஷன் எனக்குத் தபால்காரர், அவளுக்கு 'டு'வா? அன்றைக்கு வீட்டுக்கு இறங்கி வரும்போது அவர் டார்ச் அடித்துக்கொண்டு முன்னால் போனார், நான் பின்னால் வந்தேன். வேண்டுமென்றே வெளிச்சத்துக்கு வெளியே நடந்தேன்.

ஆனால் அவள் சொன்னதில் ஒரு வார்த்தை மனதில் தைத்துக்கொண்டது. கடவுளிடமும் என்றாள் அல்லவா? நான் பழனிக்காரி. அடிவாரத்தில் பூஜை சாமான் கடைக்குள் பிறந்து வளர்ந்தவள். மலை மேல் நிற்கிறவனை நாங்கள் என்ன நீங்கள் என்றா கூப்பிடுகிறோம்? 'நீதாண்டா பாக்கணும் முருகா' என்றுதானே என் அப்பா கடையைத் திறப்பார்? உலகத்தையே காக்கிறவன் 'நீ'. உப்பு குறைந்தால் தட்டை நகர்த்துகிறவர் 'நீங்க'. நல்ல நியாயம்! மறுநாள் அடுப்படியில் முருகன் படத்துக்கு முன்னால் நின்று ஆரம்பித்தேன். டு ஸீஸ்ட், நீ பார்க்கிறாய். டு கிப்ஸ்ட், நீ கொடுக்கிறாய். டு நிம்ஸ்ட், நீ எடுத்துக்கொள்கிறாய். டு ஃபெர்கிஸ்ட், நீ மறக்கிறாய். சொல்லச் சொல்ல நாக்கு வளைந்தது, ஓசை தானாக மாறியது. உன் அப்பத்தா எட்டிப் பார்த்து, "என்னத்தா, புது மந்திரமா?" என்றாள். ஆமாம் என்றேன். அதற்கப்புறம் நான் 'ஃபெர்கிஸ்ட்' என்னும்போதெல்லாம் அவள் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். முருகன் நம் வீட்டில் உன் அப்பாவுக்கு முன்னாலேயே ஜெர்மன் படித்துவிட்டான்.

பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. ஹில்டா அம்மா கேள்வி கேட்டு முடிக்கும் முன்னே என் வாயில் பதில் இருக்கும். நீ வண்டியில் போகிறாய் என்பதற்கு உன் அப்பா இன்னும் 'டு ஃபார்ஸ்ட்' என்றே தடுமாறுவார். நான் பக்கத்தில் இருந்து 'ஃபேர்ஸ்ட்' என்பேன். அவளைப் பார்த்து 'டு' சொல்வேன், அவள் நாயைப் பார்த்து, பேரிக்காய் மரத்தைப் பார்த்துச் சொல்வேன். அவரைப் பார்த்து மட்டும் வராது. ஒரு நாள் அவள் அவரிடமே, "உங்கள் மனைவியை அனுப்பினால் ஆஸ்பத்திரிக்கு லாபம்" என்று சொல்லிவிட்டாள். இறங்கி வரும்போது அவர் கடுகடுத்தார். "போகப் போறது நானா, நீயா?" என்று கேட்டார். "நீங்கதான் போறீங்க. நான் சும்மா கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன்" என்றேன். "சும்மா கேக்கிறவ எதுக்கு எனக்கு முந்திச் சொல்ற?" என்றார். எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது தெரியுமா மகளே? அவருக்கும் பொறாமை! எனக்கு மட்டும்தான் இந்த நோய் என்று இருந்தேன். அந்த வாரம் முழுக்க அவருக்குப் பிடித்த பட்டாணிக் குருமா செய்து போட்டேன்.

ஆனால் புறப்படும் நாள் நெருங்க நெருங்க என் குளிர்ச்சியெல்லாம் போய்விட்டது. இங்கே ஒரு ஹில்டாவை நான் காவல் காத்துவிட்டேன். அங்கே ஊர் முழுக்க ஹில்டாக்கள். எல்லாரும் அவரை 'நீ' என்பார்கள். 'நீ' கேட்டுக் கேட்டுப் பழகின காதுக்குத் திரும்பி வந்து என்னுடைய 'ஏங்க' என்ன ருசிக்கும்? பணம், வேலை, மெஷின் எதைப் பற்றியும் எனக்குக் கவலை இல்லை. போகிறவர் போனபடியே திரும்பி வருவாரா என்ற ஒன்றுதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. யாரிடம் சொல்ல முடியும்? உன் அப்பத்தாவிடம் சொன்னால், அவளே பாதி பயத்தில் இருக்கிறாள், ஒப்பாரி வைத்துவிடுவாள்.

பஸ் ஸ்டாண்டு உனக்கு ஞாபகம் இருக்கும். உனக்குச் சளி பிடித்திருந்தது, என் முந்தானைக்குள் நின்றாய். வத்தலக்குண்டு வழியாக ரயிலுக்குப் போகிற முதல் பஸ். சொந்தக்காரர்கள் பாதி, ஆஸ்பத்திரிக்காரர்கள் பாதி. அப்பத்தா திருநீறை அவர் நெற்றியில் அப்பி, வாயிலும் கொஞ்சம் போட்டாள். நான் முறைப்படி ஓர் ஓரத்தில் நின்றேன். அப்போது பனிக்குள் இருந்து ஹில்டா அம்மா வந்தாள். கையில் அவளே பின்னின கம்பளிக் கையுறை. எல்லார் முன்னாலும் அவர் கையைப் பிடித்து, கையுறையை மாட்டி, குலுக்கி, "ஆஃப் வீடர்ஸேயன்" என்று வழியனுப்பினாள். அவள் ஊர் வழக்கம் அது, தப்பாக ஒன்றும் இல்லை. ஆனால் கட்டின பெண்டாட்டி நான் எல்லார் முன்னாலும் அவர் கையை அப்படிப் பிடிக்க முடியுமா? எட்டு மாதத்துக்கு இனிமேல் பார்க்க முடியாத மனிதரை, ஊர் வழக்கப்படி, நான் கண்ணால் மட்டும் அனுப்பி வைக்க வேண்டும். அந்தக் கையுறையைப் பார்த்தேன். எனக்குள் ஏதோ ஒன்று அறுந்து விழுந்தது.

டிரைவர் ஏறி உட்கார்ந்துவிட்டான். உன் அப்பா ஜன்னலோரம் இருந்தார். நான் உன் கையை விட்டுவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எல்லார் காதும் கேட்கச் சொன்னேன்: "டு ஃபெர்கிஸ்ட் மிஹ் நிஹ்ட்."

நீ என்னை மறக்க மாட்டாய். அதுதான் அர்த்தம். கெஞ்சவில்லை, கேட்கவும் இல்லை, உத்தரவு போடுவதுபோல் சொன்னேன். மாமியார், நாத்தனார், மச்சினர், டாக்டர் எல்லாரும் நிற்கும்போது, நட்ட நடுப் பஸ் ஸ்டாண்டில், கட்டின புருஷனை 'நீ' என்று சொல்லிவிட்டேன். ஒரு தலைகூடத் திரும்பவில்லை. உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் அது புரிந்தது. ஹில்டா அம்மா கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். உன் அப்பாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பேயறைந்தவர்போல் இருந்தார். காது மடல் சிவந்தது. பஸ் உறுமிக் கிளம்பும்போதுதான் அவருக்கு வாய் வந்தது. "இஹ் ஃபெர்கெஸ்ஸெ ஸீ நிஹ்ட்" என்றார். நான் உங்களை மறக்க மாட்டேன்.

உங்களை என்றார் மகளே. பதற்றத்தில் நாக்குப் புரண்டதா, தெரிந்தேதான் சொன்னாரா, இன்றுவரை நான் கேட்கவில்லை. 'இந்தா', 'ஏய்', 'நீ' என்றே என்னைக் கூப்பிட்டு வந்த மனிதர், ஆயுசில் ஒரே ஒரு தடவை என்னை 'நீங்க' என்றார். பஸ் வளைவில் மறைந்த பிறகு உன் அப்பத்தா என் தோளை இடித்து, "என்னத்தா சொன்ன அவன்கிட்ட?" என்றாள். "பத்திரமாப் போயிட்டு வாங்கன்னு சொன்னேன் அத்தை" என்றேன். "அதுக்கு எதுக்கு இம்புட்டுக் கண்ணீரு?" என்று சொல்லிவிட்டு அவளும் அழுதாள்.

அந்த எட்டு மாதமும் நான் நிம்மதியாக இருந்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். அவர் அனுப்பின போட்டோவில் தொழிற்சாலை ஆட்களுக்கு நடுவே கடைசியில் ஒரு பெண் நிற்பாள். அந்தப் போட்டோவை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தே அவள் முகம் தேய்ந்துவிட்டது. ஹில்டா அம்மா வீட்டுக்கு மட்டும் நான் போவதை விடவில்லை. அவள் கேட்டபோது, படிப்பு அரைகுறையாய்க் கெடக்கே என்று சாக்குச் சொன்னேன். உண்மை என்னவென்றால், அவர் திரும்பி வந்து எத்தனை வார்த்தை கூடுதலாகத் தெரிந்து வைத்திருந்தாலும் அத்தனையும் எனக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று வைராக்கியம். எனக்குத் தெரியாத ஒரு வார்த்தைக்குள் அவர் போய் ஒளிந்துகொள்ளக் கூடாது பார்.

திரும்பி வந்தார். வந்த மறுநாள் மத்தியானம் நான் அடுப்படியில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். அடுத்த அறையில் அப்பத்தா. அவர் மெல்ல வந்து எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு கை பட்டாணியை எடுத்துக்கொண்டு, சாப்பிட்டாயா என்று ஜெர்மனில் கேட்டார். நான் நிமிராமலே பதில் சொன்னேன். 'டு' போட்டுச் சொன்னேன். அன்றைக்கு ஆரம்பித்தது. நீ சின்னப் பிள்ளையாக ஓடி வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "சண்டை போடாதீங்கம்மா" என்று அழுவாயே, அது சண்டை இல்லை. பெரும்பாலும் சண்டை இல்லை. பெரியவள் ஆனதும், எனக்குத் தெரியாமல் ரகசியம் பேசுகிறீர்கள் என்று கோபித்துக்கொள்வாய். அதில் ஒரு ரகசியமும் இல்லை மகளே. கத்தரிக்காய் விலை, உன் சளி, கூரையில் ஒழுகல், இதைத்தான் பேசினோம். அந்த வீட்டில் உன் அப்பாவை நான் 'நீ' என்று சொல்லக் கிடைத்த ஒரே இடம் அந்தப் பாஷைதான். தமிழில் இன்றுவரை வரவில்லை. உன் அப்பத்தா போய்ச் சேர்ந்து வருஷமாகிறது, வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இப்போதுகூட வாய் வரைக்கும் வரும், பிறகு 'ஏங்க' என்று ஆகிவிடும்.

இப்போது நிச்சயதார்த்தத்துக்கு வருகிறேன். நீ எல்லார் முன்னாலும், "ஏலே, நீ தள்ளி உக்காரு" என்றாய். வெறும் தமிழில் சொன்னாய். ஒரு சாமி படத்துக்கு முன்னால் நின்று பழகாமல், பனியில் ஒரு வெள்ளைக்காரி வீட்டுக்கு ஏறி இறங்காமல், வீட்டில் கிடக்கிற பண்டத்தைச் சும்மா எடுத்துக் கையில் வைத்துக்கொண்டிருப்பதுபோல அந்த 'நீ' உன்னிடம் இருந்தது. அந்தப் பையனும் தள்ளி உட்கார்ந்தான். நான் அடுப்படிக்குள் போய் முருகன் படத்துக்கு முன்னால் நின்றேன். ஹில்டா அம்மாவைப் பார்த்து நான் பட்டதெல்லாம் ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டது. பெற்ற மகள் மேல் எந்தத் தாயாவது பொறாமைப்படுவாளா? நான் பட்டேன். இதை எழுதும்போதும் படுகிறேன்.

உன் அத்தை நல்லவள், வழக்கத்தைச் சொன்னாள். அவளை எதிர்த்துப் பேசாதே. தலையை ஆட்டிவிட்டு, மாற்றாதே. கேட்டால் என் பேரைச் சொல், நான் பார்த்துக்கொள்கிறேன். கல்யாணத்துக்கு நீ வந்து இறங்குகிற அன்றைக்கு அவனும் இங்கேதான் இருப்பான். வாசலில் நின்று எப்போதும்போல, "ஏலே, நீ இங்க வா" என்று கூப்பிடு. நான் அடுப்படியில் இருந்தாலும் எனக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகக் கூப்பிடு. கேட்டு இன்னொரு தரம் நன்றாக வயிறெரிந்துகொள்கிறேன்.

உன் அம்மா